பன்னிரண்டு மேசைக்கும் ஒரே படம்

தங்கராசா கெட்டவன் இல்லை. கெட்டிக்காரன். அதை நாளுக்கு ஒரு தரமாவது யாராவது வாய்திறந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முகம் தொங்கிப்போய்விடும். செங்கலடிச் சந்திக்குக் கிட்ட ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் இருந்த சின்ன நிவாரண அலுவலகத்தில் கொம்பியூட்டர்களையும் அவற்றை இணைக்கிற வயர்களையும் பார்ப்பது அவன் வேலை. பன்னிரண்டு மேசை, பன்னிரண்டு கொம்பியூட்டர். அவன் என்ன செய்கிறான் என்பது அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் தெரியாது. பிரிண்டர் வேலை செய்யாவிட்டால் கூப்பிடுவார்கள், வேலை செய்தால் அவனை மறந்துவிடுவார்கள்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. படுவான்கரையில் ஷெல் விழ விழ, சனம் வாவியைக் கடந்து இந்தப் பக்கம் வந்து பள்ளிக்கூடங்களில் நிறைந்திருந்த காலம். அலுவலகத்துக்கு இரண்டு வேலை. ஒன்று அரிசியும் தரப்பாளும் கொடுப்பது. மற்றது காணாமல் போனவர்களைப் பற்றி வீட்டுக்காரர் வந்து சொல்வதை எழுதிக்கொள்வது. எழுதியதை வைத்து யாரையும் மீட்டதாக நினைவில்லை. ஆனாலும் எழுதினார்கள்.

தங்கராசாவுக்கு ஒரே ஒரு அக்கா, இராசாத்தி. எட்டு வயது மூத்தவள். ஆமி இளம் பொடியன்களைப் பிடிக்க வந்த தொண்ணூறாம் ஆண்டுச் சுற்றிவளைப்பில் அவனுக்குப் பதினாறு வயது. அவனை நெல் கொட்டுகிற பெரிய மரப்பெட்டிக்குள் போட்டு மூடி, மேலே பாயை விரித்து, தான் அதில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவன் எங்கே என்று அப்பாவுக்குக்கூடச் சொல்லவில்லை. வந்தவர்கள் அப்பாவை முற்றத்தில் போட்டு அடித்தார்கள். அவருக்கு உண்மையிலேயே தெரியாது. அதனால் எவ்வளவு அடித்தும் சொல்ல முடியவில்லை. இரண்டு விலா உடைந்தது. பெட்டிக்குள் கிடந்த தங்கராசா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அக்காவின் குதிக்கால் மட்டும் பலகையில் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தது, அசையாதே, அசையாதே என்று.

அந்த இராசாத்தியின் புருஷன் யோகராசாவைத்தான் தை மாதக் கடைசியில் வீட்டுக்கே வந்து கொண்டுபோனார்கள். வெள்ளை வான், நாலு பேர், முகத்தில் துணி. யார் என்று கேட்டால் ஊரில் "அவங்கள்" என்பார்கள். கேட்டவருக்கும் விளங்கும், சொன்னவருக்கும் விளங்கும், பெயர் வாயில் வராது. இராசாத்தி ஒன்றைக் கண்டிருந்தாள். என்ன என்று தம்பிக்கும் சொல்லவில்லை. பத்து வயது மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாவியைப் பார்த்தபடி வீட்டில் கிடந்தாள்.

"அக்கா, எங்கட ஒபிசுக்கு வந்து ஒருக்காச் சொல்லு. எழுதிப் பெரிய இடங்களுக்கு அனுப்புவாங்க. ஆர் கொண்டுபோனது எண்டு தெரிஞ்சா, மச்சானை எங்க வச்சிருக்காங்க எண்டு கேக்கலாம்."

"வேணாம்டா தம்பி. நான் அங்க வாறத ஆரும் கண்டா, அடுத்தது நான்தான். பிறகு இவளை ஆர் பாக்கிற?"

அவன் பிறகும் பிறகும் கேட்டான். அக்காவின் மீது இருந்த பாசம் உண்மை. தான் வேலை செய்கிற இடத்தால்தான் மச்சான் திரும்பி வந்தார் என்று ஊர் சொல்ல வேண்டும் என்ற ஆசையும் உண்மை.

பங்குனி மாதம்தான் அலுவலகத்துக்கு ஒரு கமரா வந்தது. கொழும்பிலிருந்து அனுப்பியிருந்தார்கள். படியடிக் கேற்றில் பூட்ட வேண்டும், வருகிறவர் முகம் மேலே கொம்பியூட்டரில் தெரியும், ஆயுதத்தோடு யாரும் வந்தால் முன்கூட்டியே கதவைச் சாத்தலாம். நல்ல எண்ணம்தான். பொறுப்பாளர் நல்லரத்தினம் சேருக்கும் வாசல் அறையில் இருந்த காவலாளிக்கும் படம் வந்தால் போதும் என்று கடிதத்தில் எழுதியிருந்தது. தங்கராசா அப்படியே செய்தான். இரண்டு பேருக்கும் படம் கண்ணாடி மாதிரி வந்தது.

இரண்டு நாள் போகவில்லை, களஞ்சியப் பொறுப்பாளர் தன் மேசைக்கும் கேட்டார். அவருக்குக் கொடுத்ததும் கணக்காளருக்கு மூக்கில் வியர்த்தது. வாசல் படம் வருகிற மேசை பெரிய மேசை, வராத மேசை சின்ன மேசை என்று ஆகிவிட்டது. யுத்தம் நடக்கிற ஊரில், பிணம் ஒதுங்குகிற வாவிக்கரையில், படித்த மனிதர் பன்னிரண்டு பேர் இதற்காக முகம் சுளித்துக்கொண்டு திரிந்தார்கள். கடைசியில் எல்லோருக்கும் கொடு என்று சேர் சொல்லிவிட்டார். எல்லோருக்கும் கொடுத்ததும் படம் துள்ளத் தொடங்கியது. ஆள் கேற்றடியில் நிற்பார். அடுத்த கணம் படியில் நிற்பார். நடுவில் நடந்ததைக் காணோம்.

"என்னடாப்பா இது?" என்று சேர் எல்லோர் முன்னாலும் கத்தினார். "கொம்பியூட்டர் படிச்சனி எண்டு சொல்லித்தானே வேலைக்கு வந்த நீ? றேடியோப்பெட்டி திருத்தப் படிச்சவன்கூட இதை விட நல்லாச் செய்வான்." முறைப்பாடு எழுதுகிற புஸ்பம் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

படம் துள்ளியதற்குக் காரணம் தங்கராசாவுக்குத் தெரியும். அவன் வைத்திருந்தது யுனிகாஸ்ட் முறை. பெயர் எழுதி ஒவ்வொருவருக்கும் தனிக் கடிதம் போடுவது மாதிரி, கமரா ஒவ்வொரு மேசைக்கும் ஒவ்வொரு பிரதியாகப் படத்தை அனுப்ப வேண்டும். இரண்டு பிரதி என்றால் அனுப்பும், பன்னிரண்டு என்றால் மூச்சு வாங்கும். ஆனால் படம் யாருக்குப் போகிறது என்று தெரியும். பெயர் இல்லாதவருக்குப் போகாது. மற்றது மல்டிகாஸ்ட். கமரா ஒரே ஒரு தரம் அனுப்பும், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு பேர் எடுத்தாலும் நூறு பேர் எடுத்தாலும் கமராவுக்கு ஒன்றுதான். எடுத்தது யார் என்றும் கமராவுக்குத் தெரியாது. வயர்களை இணைக்கிற சுவிச்சுப் பெட்டி நல்லதாக இருந்தால், கேட்ட மேசைக்கு மட்டும் படத்தை விடும். இவர்களிடம் இருந்தது மலிவுப் பெட்டி. அது கோயில் லவுட்ஸ்பீக்கர் மாதிரி, செருகியிருக்கிற அத்தனை வயருக்கும் கொட்டிவிடும்.

செருகியிருந்த வயர்களில் ஒன்று கீழே போனது. கீழ்மாடியில் ஏறாவூர்ப் பதியுதீன் நானா கொமினிகேஷன் கடை வைத்திருந்தார். வெளிநாட்டுக்குக் கோல் எடுக்க, ஈமெயில் பார்க்க சனம் வரும். அவருக்கு இன்ரநெற் லைன் கிடைக்காமல் கிடந்தபோது, மேலே இருந்து ஒரு வயரை ஜன்னலால் இறக்கிக் கொடுத்தது தங்கராசாதான். சேரின் சம்மதத்தோடு கொடுத்தது. அதில் ஒரு பிழையும் இல்லை, அதுவரைக்கும்.

நல்ல சுவிச் ஒன்று வேண்டும் என்று அவன் சேரிடம் கேட்டான். "இருக்கிறதை வச்சுச் செய்" என்றார். அப்படியானால் இரண்டு பேருக்கு மட்டும் வைப்போம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பத்துப் பேர் முறைப்பார்கள், சேர் இன்னொரு தரம் றேடியோப்பெட்டி என்பார். தங்கராசாவுக்கு அது பொறுக்காது. கீழே போகிற வயர் அவனுக்கு நினைவு வரவில்லை என்று இல்லை. வந்தது. கோல் எடுக்க வருகிற சனத்துக்கு மல்டிகாஸ்ட் படத்தைத் திறந்து பார்க்கத் தெரியவா போகிறது என்று நினைத்தான். ஒரு புதன்கிழமை பின்னேரம் கமராவை மல்டிகாஸ்டுக்கு மாற்றினான்.

மாற்றியதும் படம் கடைசி வயர் வரை ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க வேண்டும். மேலே எல்லா மேசையிலும் ஆட்கள் வேலையில் இருந்தார்கள். படியிறங்கிப் பதியுதீன் நானாவின் கடைக்குப் போனான். மூலையில் ஒரு கொம்பியூட்டர் சும்மா இருந்தது. படம் பார்க்கிற மென்பொருளைத் திறந்து, கமரா படத்தை அனுப்புகிற இலக்கத்தை அடித்தான். கேற்றடி வந்தது. துள்ளல் இல்லை, ஒன்றும் இல்லை. சைக்கிளை நிறுத்துகிற ஒருவரின் மோதிரம்கூடத் தெரிந்தது. தங்கராசா கதிரையில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தான்.

"அண்ணன், இது இஞ்சத்தக் கேற்றெல்லோ? எப்பிடி இதில வருகுது?"

பக்கத்துக் கொம்பியூட்டரில் இருந்தவன் கேட்டான். இருபத்தைந்து வயது இருக்கும். மரியாதையான முகம், நீலக் கோடு போட்ட சேட்டு. கை நீட்டித் திரையைக் காட்டினான். வலக்கைச் சுட்டுவிரலில் நுனி இல்லை. மில்லில் வேலை செய்தவனாக்கும் என்று தங்கராசா நினைத்துக்கொண்டான்.

மேலே ஒருவரும் கேட்காத கேள்வியை ஒருவன் கேட்டுவிட்டான். தங்கராசாவுக்கு உள்ளம் குளிர்ந்தது. யுனிகாஸ்ட் என்றால் என்ன, மல்டிகாஸ்ட் என்றால் என்ன, ஏன் இதை மாற்றினேன், இந்த இலக்கத்தை அடித்தால் யாருக்கும் வரும், பார்ப்பவர் யார் என்று மேலே தெரியாது என்று கால் மணித்தியாலம் விளக்கினான். இலக்கத்தை எழுத வேண்டிய தேவைகூட இல்லை, ஒரு தரம் திறந்தால் மென்பொருள் ஞாபகம் வைத்திருக்கும் என்பதையும் காட்டினான். பதியுதீன் நானா கவுண்டருக்குப் பின்னால் நின்று தங்கராசாவையே பார்த்துக்கொண்டிருந்தார். இருமினார். பிறகும் இருமினார். தங்கராசா திரும்பவில்லை.

"கெட்டிக்காரன் அண்ணன் நீங்க" என்றான் அந்தப் பையன்.

அந்த ஒரு சொல்லோடு தங்கராசா மேலே ஏறினான். மேலே பன்னிரண்டு மேசையிலும் படம் ஓடியது. சேர் தலையாட்டினார். அவனுடைய முப்பத்து மூன்று வருட வாழ்க்கையில் அது நல்ல நாள். அதைவிட நல்ல நாள் அவனுக்கு வரவில்லை.

அந்தத் துணிச்சலில் அன்றே அக்காவிடம் போனான்.

"செவ்வாய்க்கிழமை வா அக்கா. இஞ்ச ஆரும் பாக்க மாட்டாங்க. கேற்றில ஒரு கமரா இரிக்கி, அதில நான் பாத்துக்கொண்டிருப்பன். நீ வந்து நிண்டு கமராவை நிமிந்து பாரு, நான் உடன ஓடி வந்து கூட்டிப்போறன். கேற்றடியில ஒரு நிமிசம் நிக்கத் தேவையில்லை."

"மெய்யா ஆரும் பாக்க மாட்டாங்களாடா?"

"நான் மட்டும்தான் பாப்பன்."

இராசாத்தி இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவனுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள்.

செவ்வாய் காலை பத்து மணிக்கு வந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டுதான் பஸ்ஸில் இருந்து இறங்கினாள். சந்தியில் அவளை ஒருவரும் அடையாளம் காணவில்லை. கேற்றடிக்கு வந்ததும் தலைப்பை நீக்கினாள். தம்பி சொன்னபடி நிமிர்ந்து கமராவைப் பார்த்தாள். அவன் காண வேண்டும் என்று அவசரப்படாமல் ஆறுதலாகப் பார்த்தாள். கொஞ்சம் சிரிக்கவும் செய்தாள். மேலே இருந்து பார்த்த தங்கராசாவுக்குப் பெருமையில் கண் கலங்கியது. முன்நெற்றி மறுவில் இருந்து மூக்குத்தி வரைக்கும் அவ்வளவு தெளிவு.

புஸ்பத்தின் அறையில் ஒரு மணித்தியாலம் இருந்தாள். புஸ்பம் எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினாள். போகும்போது அக்கா அவன் கையைப் பிடித்து, "நெஞ்சு லேசாப் போச்சுடா" என்றாள்.

வியாழக்கிழமை மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்புகிற வழியில் அவளைக் கொண்டுபோனார்கள். பகல் எட்டு மணி. பெட்டிக்கடையில் ஆறு பேர் நின்றார்கள். ஆறு பேரும் பாணை வாங்கிக்கொண்டு போனார்கள். அவளுடைய ஒரு செருப்பை யாரோ எடுத்து வேலியில் கொழுவிவிட்டிருந்தார்கள்.

தங்கராசா புஸ்பத்தின் முன்னால் போய் நின்றான். "அக்கா என்ன சொன்னவ?" என்று கேட்டான். முறைப்பாட்டை வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் புஸ்பம் விதியை விட்டாள்.

"முகம் தெரியாதாம். மச்சான்ட சேட்டுக் கொலரில பிடிச்சு இழுத்தவன்ட கையைத்தான் கண்டவ. வலக்கையில சுட்டுவிரல் நுனி இல்லையாம்."

பிறகு படியிறங்கிக் கீழே போனான். மூலைக் கொம்பியூட்டரில் இருந்த மென்பொருளைத் திறந்தான். கடைசியாகத் திறந்தவை என்ற பட்டியலில் அவன் அடித்த அந்த இலக்கம்தான் முதலாவதாக நின்றது. அவனே சொல்லிக் கொடுத்தபடி அது ஞாபகம் வைத்திருந்தது.

"நானா, இதில ஆர் இருந்த?" என்றான்.

பதியுதீன் நானா கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு வந்தார். "அண்டைக்கு நான் எத்தினை தரம் இருமின? நீங்க திரும்பிப் பாத்தீங்களா? அவன் ஒவ்வொரு நாளும் வாறான் தம்பி. காலையில வந்தா மத்தியானம் வரை அந்த ஒரு படத்தைத்தான் பாத்துக்கொண்டு இரிப்பான். எழும்பு எண்டு சொல்ல எனக்கு ஏலுமா? எனக்கும் புள்ளைகள் இரிக்கி."

மேலே வந்து கமராவைத் திரும்ப யுனிகாஸ்டுக்கு மாற்றினான். சேருக்கும் காவலாளிக்கும் மட்டும். மற்றப் பத்துத் திரையும் கறுத்தன. இதை எட்டு நாளைக்கு முதல் செய்திருக்க வேண்டியவன், இப்போது செய்தான். கணக்காளர் முறைத்தார். சேர் கூப்பிட்டு, "இப்ப என்ன கோதாரி? நல்லா வந்த படத்தை ஏன் கெடுத்த நீ?" என்றார். காரணத்தைச் சொல்ல வாய் திறந்தான். கீழே இருந்தவனுக்கு விளக்கியது நான்தான் என்று சொல்ல வேண்டி வரும். வாயை மூடிக்கொண்டான். பொலிசுக்குப் போகலாம் என்று ஒரு கணம் நினைத்தான். பொலிசுக்கு முன்னால் இருந்த தேத்தண்ணிக் கடையில்தான் அவங்கள் காலை மாலை உட்கார்ந்திருப்பார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் அலுவலகம் பூட்டுகிற நேரம், அவன் படியிறங்கும்போது கடை வாசலில் அந்தப் பையன் நின்றான். அதே மரியாதையான முகம்.

"அண்ணன், ரெண்டு நாளாப் படம் வருகுதில்லையே. வயர் ஏதும் கழண்டு போச்சோ?"

தங்கராசா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா இரிக்கா அண்ணன். சோறு குடுக்கிறம். பயப்படாதீங்க. மகள் இப்ப உங்கட வீட்டிலதானே இரிக்கா? நல்ல புள்ளை, பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காப் போற." அவன் நுனியில்லாத விரலால் காதைச் சொறிந்தான். "கெட்டிக்காரன் நீங்க. உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை."

தங்கராசா திரும்பிப் படியேறினான். அலுவலகத்தில் ஒருவரும் இல்லை. தன் கதிரையில் உட்கார்ந்தான். கொம்பியூட்டரில் கமராவின் அமைப்புகள் பக்கத்தைத் திறந்தான். இரண்டு வரி, பக்கத்தில் இரண்டு வட்டம். மேலே யுனிகாஸ்ட், கீழே மல்டிகாஸ்ட். ஜன்னலால் இறங்குகிற வயர் கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடந்தது. ஒரு இழுவையில் வந்துவிடும். அப்பாவின் விலா உடைந்த சத்தம் அவன் காதில் கேட்டது. அன்றைக்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தவளுக்கு இருபத்து நாலு வயது. அப்பா முற்றத்தில் கிடந்து அலற அலற அவள் இறங்கவில்லை. இவன் அப்படிப்பட்டவன் இல்லை. அது இவனுக்கே அப்போதுதான் தெரிந்தது, அந்த அருவருப்போடுதான் கீழ் வட்டத்தை அமத்தினான். அக்காவுக்காகச் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டான்.

இராசாத்தி திரும்பி வரவில்லை. வியாழக்கிழமை இரவுக்குப் பிறகு அவள் உயிரோடு இருக்கவும் இல்லை என்பது வருடங்களுக்குப் பிறகு தெரிய வந்தது. சனிக்கிழமை அவன் வட்டத்தை அமத்தியபோது அவள் இறந்து இரண்டு நாள்.

திங்கட்கிழமை காலை பன்னிரண்டு மேசையிலும் படம் வந்தது. "பாத்தியா, மனம் வச்சாச் செய்யலாம்" என்று சேர் அவன் தோளில் தட்டினார். கணக்காளர் சிரித்தார். பத்து மணிபோல கேற்றடியில் ஒரு பெண் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். காவலாளி கூப்பிட, தங்கராசா இறங்கிப் போனான். ஐம்பது வயது இருக்கும், படுவான்கரையில் இருந்து வந்தவள், பெயர் ஆச்சிப்பிள்ளை என்றாள். மகனைக் கொண்டுபோய்ப் பதினொரு நாளாம். கொண்டுபோனவர்களில் ஒருவனைத் தெரியுமாம். கதவைத் தாண்ட அவளுக்குக் கால் வரவில்லை. கடைப் பக்கம் ஒருக்காப் பார்த்தாள், றோட்டை ஒருக்காப் பார்த்தாள்.

"தம்பி, இஞ்ச ஆரும் பாக்க மாட்டாங்கதானே?" என்று கேட்டாள்.

கடை மூலையில் நீலக் கோட்டுச் சேட்டு தெரிந்தது. திரும்பிப் போங்க அம்மா என்று சொல்ல ஒரு கணம் இருந்தது. அந்தக் கணத்தில் அவன் தன் வீட்டில் இருக்கிற பத்து வயதுப் பிள்ளையை நினைத்தான், அக்கா சாப்பிடுகிற சோற்றை நினைத்தான்.

"ஆரும் பாக்க மாட்டாங்க அம்மா" என்றான் தங்கராசா. "முகத்துத் துணியை எடுத்துப்போட்டு உள்ளுக்கு வாங்க."